ஏழு முறை விழுந்த 'வீழாத' கோட்டை

செஞ்சிக் கோட்டை யாராலும் பிடிக்க முடியாத கோட்டை என்ற பேச்சு விழுப்புரம் மாவட்டத்தில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுவதும் ஊறிப்போனது. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைச் சாலையில் மேற்கே போகிறவர்களுக்குப் பேருந்து சன்னல் வழியே ராஜகிரியின் உச்சி தெரிந்ததும் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். சுற்றுலாக் கையேடுகளும் 'கிழக்கின் டிராய்' என்ற அடைமொழியை விடாமல் அச்சிடுகின்றன. டிராய் நகரம் கடைசியில் விழுந்தது என்பதுதான் அந்தக் கதையின் சாரம். அடைமொழியைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

கணக்கைப் பார்த்தால் பேச்சு நிற்காது. 1649 வாக்கில் பீஜப்பூர் சுல்தானின் படை நாயக்கர்களிடமிருந்து செஞ்சியைப் பறித்தது. 1677இல் அது சிவாஜியிடம் போனது; 1698இல் மொகலாயரிடம்; 1714இல் ஆற்காட்டு நவாபிடம்; 1750இல் பிரெஞ்சுக்காரரிடம்; 1761இல் ஆங்கிலேயரிடம்; 1780இல் ஹைதர் அலியிடம். 131 ஆண்டுகளில் ஏழு முறை கைமாறிய கோட்டையைத்தான் வீழாத கோட்டை என்கிறோம்.

கட்டியவர்களிடம் குறை இல்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் சுமார் 13 கிலோமீட்டர் நீள மதில் இணைக்கிறது. உள்ளே களஞ்சியங்கள், குளங்கள், மலைமேல் வற்றாத சுனை என எல்லாம் உண்டு. ராஜகிரி உச்சிக்குப் போகும் வழியில் ஒரு பாறைப் பிளவு குறுக்கிடுகிறது. அதன் மேலிருந்த மரப்பாலத்தை எடுத்துவிட்டால் மேலே சில பேர் நின்றே கீழிருக்கும் கூட்டத்தைத் தடுக்கலாம். கல்லும் நீரும் தானியமும் ஒரு காவற்படைக்கு எவ்வளவு தரமுடியுமோ அவ்வளவையும் செஞ்சி தந்தது. பிறகு ஏன் விழுந்தது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

சிவாஜி அதை ஏணி வைத்து ஏறிப் பிடிக்கவில்லை. பீஜப்பூரின் கோட்டைத் தலைவன் நாசிர் முகம்மது கான் பணத்துக்கும் ஜாகீருக்கும் பேரம் பேசி விட்டுக்கொடுத்தான். மதிலின் உயரம் இந்தப் பேரத்தில் விலையைக் கூட்டியிருக்கும், அவ்வளவுதான். வாங்கிய பிறகு சிவாஜி மதில்களையும் அகழியையும் புதுப்பித்துப் பலப்படுத்தினார் என்பது உண்மை. ஆனால் அந்தப் பலம் 21 ஆண்டுகள்தான் மராட்டியர் கையில் இருந்தது.

'வீழாத கோட்டை' கதைக்கு ஆதாரமாக எப்போதும் காட்டப்படுவது 1690 முதல் 1698 வரையிலான மொகலாய முற்றுகை. சிவாஜியின் மகன் சம்பாஜி 1689இல் கொல்லப்பட்ட பின் அவர் தம்பி ராஜாராம் தெற்கே தப்பிவந்து செஞ்சியைத் தலைநகராக்கிக் கொண்டார். ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகர் கான் 1690இல் வந்து சூழ்ந்தார். எட்டு ஆண்டுகள் மொகலாயப் பேரரசையே தடுத்து நிறுத்திய மதில் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடந்தது வேறு.

மூன்று குன்றுகளையும் அவற்றைச் சுற்றிய காட்டையும் வளைத்து மூட ஜுல்பிகர் கானிடம் ஆள் போதவில்லை. ஆகவே முற்றுகை ஒருநாளும் முழுமையாக இல்லை. கோட்டைக்குள் தானியம் போனது, தூது போனது, பணமும் வந்தது. அதே 1690இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினம் கோட்டையை ராஜாராம் தரப்பு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றது. பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை நிலம் ஆங்கிலேயருக்கு என்பது பேரம். கடலூர்ப் பக்கம் 'குண்டு கிராமங்கள்' என்ற பெயர் வந்தது அப்படித்தான். சூழப்பட்ட அரசன் வெளியே கோட்டை விற்றுக் காசு பார்க்கும் முற்றுகையை முற்றுகை என்பதே கொஞ்சம் தாராளம்.

1692 டிசம்பரில் மராட்டியத் தளபதிகள் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் பெரும் குதிரைப்படையுடன் வடக்கிலிருந்து வந்து இறங்கினார்கள். காஞ்சிபுரத்து மொகலாய அதிகாரி பிடிபட்டார். மொகலாயப் பாசறைக்கு வரும் தானியப் பாதை அறுந்தது, சூழ்ந்தவர்களே சூழப்பட்டார்கள். பாசறைக்குள் இன்னொரு கூத்து. ஔரங்கசீப்பின் மகன் காம் பக்ஷ் ராஜாராமுடன் ரகசியமாகப் பேச்சு நடத்தினான். அதை அறிந்த ஜுல்பிகர் கானும் அவர் தந்தை ஆசாத் கானும் இளவரசனையே கைதுசெய்தார்கள். 1693 தொடக்கத்தில் மொகலாயப் படை வழிவிடக் கேட்டு ஒப்பந்தம் செய்துகொண்டு வந்தவாசிக்குப் பின்வாங்கியது. அடுத்த ஆண்டுகளில் ஜுல்பிகர் கான் செஞ்சியை விட்டுத் தஞ்சாவூர் வரை கப்பம் வசூலிக்கப் போனதும் உண்டு. எதிரியுடன் அவருக்கு உள்ளூர உடன்பாடு இருந்தது என்ற சந்தேகம் அன்றே எழுந்தது.

எட்டு ஆண்டுகளைத் தாங்கியது மதில் என்று சொல்ல இதில் இடம் எங்கே? வெளியே ஓடிக்கொண்டிருந்த மராட்டியக் குதிரைப்படையும் மொகலாயப் பாசறையின் உட்பூசலும்தான் அந்த ஆண்டுகளைக் கொடுத்தன. இரண்டும் இல்லாதுபோனதும் கோட்டை நிற்கவில்லை. ஔரங்கசீப்பின் நெருக்குதல் தாங்காமல் ஜுல்பிகர் கான் மெய்யாகவே தாக்கியபோது, 1698இன் தொடக்கத்தில், அவரது துணைத்தளபதி தாவூத் கானின் ஆட்கள் சந்திரகிரியில் ஏறினார்கள். மற்றக் குன்றுகளும் அடுத்தடுத்து விழுந்தன. அதற்கு முன்பே ராஜாராம் வேலூருக்குத் தப்பிவிட்டார். மனைவியரும் குழந்தைகளும் உள்ளே சிக்கினார்கள். தலைவன் வெளியேற ஒரு வழி இருந்தது, குடும்பத்துக்கு இல்லை. கோட்டை வரலாறுகளில் இது திரும்பத் திரும்ப வரும் காட்சி.

1714இல் நடந்தது தேசிங்கு கதையாகப் பாடப்படுகிறது. கப்பம் கட்ட மறுத்த செஞ்சியின் இளம் தலைவன் தேஜ் சிங் (பாட்டில் தேசிங்கு) ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெரும்படையைச் சில நூறு குதிரைவீரர்களோடு வெளியில் எதிர்கொண்டு இறந்தான். கோட்டைக்குள் இருந்திருந்தால் பிழைத்திருப்பான், அவசரப்பட்டான் என்பது கதை கேட்டவர்கள் வழக்கமாகச் சொல்லும் தீர்ப்பு. அது அவனுக்குச் செய்யும் அநியாயம். வெளியிலிருந்து உதவிக்கு வர அவனுக்கு எந்தப் படையும் இல்லை. ராஜாராமுக்கு ஒரு சந்தாஜி இருந்தார், தேசிங்குக்கு யாருமில்லை. உள்ளே இருந்திருந்தால் முடிவு சில மாதம் தள்ளிப்போயிருக்கும்.

பிறகு 1750 செப்டம்பர் 11. ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்டு, திருவதிகை அருகே தோற்ற முகமது அலியின் படையினர் பல ஆயிரம் பேர் செஞ்சி மதிலடியில் ஒதுங்கியிருந்தார்கள். புஸ்ஸி என்ற பிரெஞ்சுத் தளபதி சில நூறு ஐரோப்பியர்களோடும் ஓராயிரத்துக்குச் சற்றுக் கூடுதலான சிப்பாய்களோடும் வந்தார். வெளியில் இருந்தவர்களை விரட்டி, அவர்கள் பின்னாலேயே ஓடி, வாசற்கதவை வெடிவைத்துத் தகர்த்து, இருட்டும்போது கீழ்க்கோட்டைக்குள் புகுந்தார். மூன்று மலைகளிலிருந்தும் பீரங்கிகள் கீழ்நோக்கிச் சுட்டன. நிலா மறைந்ததும் மூன்று குழுக்கள் மூன்று மலைகளிலும் ஒரே நேரத்தில் ஏறின. விடியும்போது எல்லாம் முடிந்திருந்தது. மொகலாயருக்கு எட்டு ஆண்டு பிடித்த வேலை பிரெஞ்சுக்காரருக்கு ஓர் இரவு. இடையில் மலை தேயவில்லை, மதில் இடியவில்லை. உள்ளே இருந்தவர்கள் ஏற்கெனவே தோற்றவர்கள் என்பதே வேறுபாடு.

இதற்கு எதிர்ச்சான்று ஒன்று உண்டு. 1752இல் ஆங்கிலேய மேஜர் கின்னியர் செஞ்சியைப் பிடிக்கப் போய், பார்த்ததுமே முடியாது என்று திரும்பினார். கோட்டை வேலைசெய்தது என்று இதைச் சொல்லலாம். ஆனால் அவரைத் தோற்கடித்தது கோட்டையல்ல. திரும்பும் வழியில் விக்கிரவாண்டியில் பிரெஞ்சுப் படை அவரைச் சந்தித்து முறியடித்தது. இன்று சுங்கச்சாவடிக்குப் பெயர்போன விக்கிரவாண்டிதான் அன்று செஞ்சியைக் காத்தது. பிரெஞ்சுக்காரருக்கோ கோட்டையைக் காப்பதே சாவாக இருந்தது. அந்த இடத்தின் நோய்க்காற்றுக்குப் பத்தாண்டில் 1,200 ஐரோப்பியர்களைப் பலிகொடுத்தார்கள் என்று சமகால வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதியிருக்கிறார். 1760 ஜனவரி 22இல் வந்தவாசி வெளியில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படையை ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் தோற்கடித்தபோது செஞ்சியின் விதியும் முடிந்துபோனது. செஞ்சியை ஓரிரவில் பிடித்த அதே புஸ்ஸி அங்கே ஆங்கிலேயரிடம் கைதியானார். திண்டிவனத்தை அடுத்த பெருமுக்கல் மலைக்கோட்டையும் அந்த ஆண்டே கூட்டிடம் விழுந்தது. 1761 ஜனவரியில் புதுச்சேரியும் போன பிறகு, ஏப்ரலில் செஞ்சி சரணடைந்தது.

இது பழைய கதை, பீரங்கியும் ஏணியும் இருந்த காலத்து விஷயம் என்று தள்ளிவிட முடியாது. இருபதாம் நூற்றாண்டு இதே நம்பிக்கையைக் கான்கிரீட்டில் கட்டியது. பிரான்ஸ் மாஜினோ அரண்வரிசையில் செல்வத்தைக் கொட்டியது. 1940 மே மாதம் ஜெர்மானியர் ஆர்டென் காடு வழியாக அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பெல்ஜியத்தின் எபென் எமேல் கோட்டையின் கூரைமேல் எண்பதுக்கும் குறைவான ஜெர்மானியர் கிளைடர்களில் வந்திறங்கினார்கள். மறுநாள் அது சரணடைந்தது. 'கிழக்கின் ஜிப்ரால்டர்' எனப்பட்ட சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15இல் விழுந்தது. ஜப்பானியர் மலாயாக் காட்டுப் பாதைகளில் தெற்கே இறங்கி வந்தார்கள். அந்தச் சரணாகதிக்கு விலைகொடுத்தவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட தமிழர்களும் உண்டு.

தமிழ் வாசகருக்கு மிக அருகில் இருக்கும் சான்று ஆனையிறவு. யாழ்ப்பாணக் குடாநாட்டை வன்னியோடு இணைக்கும் ஒடுங்கிய நிலத்தில் இருந்த அந்த இலங்கை இராணுவத் தளத்தை 1991 ஜூலையில் விடுதலைப் புலிகள் சூழ்ந்தார்கள். கவசம் பூட்டிய புல்டோசர்களைக்கூட முன்னால் தள்ளிப் பார்த்தார்கள். தளம் விழவில்லை. வெற்றிலைக்கேணியில் கடல்வழியாக இறங்கிய இராணுவம் நடந்துவந்து உள்ளே இருந்தவர்களை மீட்டது. அதன் பிறகு தளம் இன்னும் பெரிதாக்கப்பட்டது, இன்னும் பலப்படுத்தப்பட்டது, வீழ்த்த முடியாதது என்று பெயரும் வாங்கியது. 2000 மார்ச்சில் புலிகள் குடாரப்பில் கடல்வழியே தரையிறங்கிப் பின்பக்கச் சாலையை அறுத்தார்கள். இயக்கச்சியின் குடிநீர்க் கிணறுகளும் கைமாறின. ஏப்ரல் 22இல் ஆனையிறவு விழுந்தது. 1991இல் சிறிய தளம் தப்பியது, 2000இல் பெரிய தளம் தப்பவில்லை. முன்னதற்குக் கடல் திறந்திருந்தது, பின்னதற்கு நீர் அடைபட்டிருந்தது.

வென்றவர்களும் இந்தப் பாடத்தைக் கற்கவில்லை. 2008இல் கிளிநொச்சியைச் சுற்றிப் புலிகள் மண் அணைகளையும் அகழிகளையும் மைல் கணக்கில் எழுப்பினார்கள். வெளியே சுழலும் படையும் கடல்வழி வரத்தும் குறைந்துபோயிருந்த நேரம் அது. 2009 ஜனவரி 2இல் கிளிநொச்சி விழுந்தது, ஒரு வாரத்தில் ஆனையிறவும் போனது. அதன் பின் முள்ளிவாய்க்கால் வரை சுருங்கிக்கொண்டே போன நிலத்தில் வெளியேற வழியின்றி அடைபட்டவர்கள் பொதுமக்கள். அந்தக் கடைசி மாதங்களில் கொல்லப்பட்ட பொதுமக்கள் தொகை 40,000 வரை இருக்கலாம் என்று ஐ.நா. தலைமைச் செயலரின் நிபுணர் குழு 2011இல் கூறியது. அவர்களைக் கொன்ற குண்டுகளுக்குப் பொறுப்பு குண்டு வீசியவர்களுடையது. அவர்களை வெளியே விடாமல் அரணுக்குள் வைத்திருந்ததற்குப் பொறுப்பு வைத்திருந்தவர்களுடையது.

காஸாவைச் சுற்றி இஸ்ரேல் 2021 டிசம்பரில் முடித்த சுமார் 65 கிலோமீட்டர் வேலியில் கேமராக்கள், நிலத்தடி உணர்கருவிகள், தொலைவிலிருந்து இயக்கும் துப்பாக்கிகள் இருந்தன. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸின் சிறிய டிரோன்கள் அந்தக் கண்களைக் குருடாக்க, புல்டோசர்கள் வேலியைப் பிய்த்தன. வேலி இருக்கிறது என்ற தைரியத்தில் அதன் பின்னே நின்ற ஆள் குறைந்திருந்தது.

அப்படியானால் அரண் எதற்கும் உதவாதா என்று கேட்கலாம். உதவும். 2023 கோடையில் உக்ரைனின் சாப்போரீஷியாவில் ரஷ்யர் போட்டிருந்த அரண்வரிசையை மேற்கத்திய டாங்கிகளோடு வந்த உக்ரைன் படையால் உடைக்க முடியவில்லை. ஆனால் அங்கே கிலோமீட்டர் கணக்கில் கண்ணிவெடி வயல்கள், அவற்றை மேலிருந்து பார்க்கும் டிரோன்கள், பின்னிருந்து சுடும் பீரங்கிகள், ஓட்டை விழும் இடத்துக்கு ஓடிவர இருப்புப்படை என எல்லாம் சேர்ந்திருந்தன. அரண் அங்கே எதிரியைத் தாமதப்படுத்தியது. தாமதத்தைப் பயன்படுத்த ஆள் இருந்தார்கள். திருக்குறள் அரணுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கி உயரம், அகலம், உணவு என்று எல்லாம் சொல்லிவிட்டு, கடைசிக் குறளில் செயல்திறன் இல்லாதவர் கையில் அது ஒன்றுக்கும் ஆகாது என்று முடிக்கிறது. செஞ்சியில் நின்று குறளை மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் அந்த அதிகாரத்தின் முன்பாதியோடு நின்றுவிடுகிறார்கள்.

2025 ஜூலை 11இல் யுனெஸ்கோ 'மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள்' என்ற தலைப்பில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான். மதில் பராமரிப்புக்குக் கவனமும் பணமும் வந்தால் நல்லது. ஆனால் 'வீழாத கோட்டை' பேச்சுக்கும் அதே வேகத்தில் புது வெள்ளையடிப்பு நடக்கிறது.

செஞ்சியின் கடைசி வீழ்ச்சியைப் பற்றி எந்தப் பாட்டும் இல்லை. 1780 நவம்பரில் ஹைதர் அலியின் படை வந்தபோது உள்ளே இருந்தது ஆங்கிலேயரின் சிறு காவற்படை. பெரிய சண்டை எதுவுமின்றிக் கோட்டை அவர் கைக்குப் போனது. 1782இல் பெருமுக்கல்லும் அவரிடம் விழுந்தது. அதன் பின் செஞ்சிக்காக யாரும் போரிடவில்லை.