தப்பைக் கீழே வைத்தவர்களின் கதையை எந்த மேடை சொல்லும்?

சென்னையில் ஒரு கலைவிழா. என் மகள் பறையடித்தாள். கல்லூரிப் பிள்ளைகள் இருபது பேர், சலங்கை கட்டி, கறுப்புச் சட்டை போட்டு ஆடினார்கள். நல்லாவே அடித்தார்கள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அறிவிப்பாளர், இது ஆதித் தமிழரின் கருவி, தொல்காப்பியத்திலேயே இருக்கிறது, ஒவ்வொரு திணைக்கும் ஒரு பறை உண்டு என்று பேசிக்கொண்டே போனார். எல்லாம் சரிதான். ஆனால் அந்தப் பத்து நிமிஷப் பேச்சில் சேரி என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. சாவு என்ற சொல்லும் வரவில்லை.

எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

கீழத்தஞ்சைப் பக்கம் எங்கள் ஊரில் தப்பு என்றுதான் சொல்வோம். அப்பா தப்படித்தவர். ஆசைப்பட்டு அடித்தவரில்லை. ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் சேரிக்கு ஆள் வரும். 'பெரியவரு போயிட்டாரு, வந்து சேருங்கடா.' அவ்வளவுதான். நடவு இருந்தாலும் போகணும், சொந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் போகணும். வெளியூர்ச் சொந்தங்களுக்கு நடந்தே போய் சேதி சொல்லணும். ராத்திரி முழுக்கத் தெருவோரம் நின்று அடிக்கணும், விடிந்ததும் பிணத்துக்கு முன்னால் சுடுகாடு வரை அடித்துக்கொண்டே போகணும். கூலி பேச முடியாது. கொஞ்சம் நெல், கொஞ்சம் சாராயம், தூக்கிப் போட்ட சில்லறை. தூக்கிப் போட்ட என்பதைக் கவனித்துப் படியுங்கள். கையில் கொடுக்கமாட்டார்கள்.

1991இல் அம்பேத்கர் நூற்றாண்டு. எங்கள் தெருவிலும் படம் வைத்து மாலை போட்டோம். அன்றைக்கு ராத்திரியே இளவட்டங்கள் கூடி, இனிமேல் சாவுக்குத் தப்படிக்கப் போவதில்லை என்று முடிவெடுத்தோம். பெரியவர்கள் பயந்தார்கள். அப்பாதான் முதலில் எழுந்து போய்த் தன் தப்பைக் கொண்டுவந்து நடுத்தெருவில் வைத்தார். 'எடுத்தா கை அழுவிப் போவட்டும்' என்றார்.

அடுத்த சாவுக்கு ஆள் வந்தது, யாரும் போகவில்லை. மறுநாளே வயல் வேலைக்குக் கூப்பிடுவது நின்றது. வரப்பில் மாட்டை ஓட்ட விடவில்லை. கடையில் எண்ணெய் கேட்டால் இல்லை என்றார்கள், எண்ணெய்த் தகரம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. ஆறு மாசம். அந்த ஆறு மாசத்தில் எங்கள் வீட்டில் நத்தையும் கீரையும்தான் சோறு. ஊர்க்காரர்கள் பக்கத்து ஊர்ச் சேரியிலிருந்து ஆள் பிடித்து வந்து அடித்தார்கள். அவர்களும் நம்ம சனம்தான். அதுதான் ரொம்ப வலித்தது.

எந்தப் பத்திரிகையிலும் ஒரு வரி வரவில்லை. தப்படித்தால் அது கிராமியக் கலை, போட்டோ பிடிக்க ஆள் வரும். அடிக்க மாட்டேன் என்றால் அது ஊர்த் தகராறு.

பறையை மேடைக்குக் கொண்டுபோகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 1990களில் மதுரையில் தலித் ஆதார மையம் நடத்திய தலித் கலைவிழாக்களில் பறை எப்படி ஒலித்தது என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். அவமானம் என்று ஒதுக்கியதை எங்கள் ஆயுதம் என்று எடுத்தார்கள். ஆம்பளைகள் மட்டும் அடித்துவந்த பறையைத் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் தோளில் மாட்டினார்கள். 2025இல் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ என்று கேட்டபோது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அன்றைக்கு அந்த ஒலியோடு சாதியின் பெயரும் சேர்ந்து வந்தது. இன்றைக்கு நடப்பதோ சத்தத்தை எடுத்துக்கொண்டு சேதியை விட்டுவிடும் வேலை. 'தமிழர் இசை' என்ற பொதுப் பெயரில் அடித்தவன் யார், அடிக்க வைத்தவன் யார் என்பது கரைந்துபோகிறது. அடிக்க வைத்தவன் பேரனும் கைதட்டுகிறான், பெருமைப்படுகிறான். அவன் ஊரில் இன்றைக்குச் சாவு விழுந்தால் யார் அடிப்பது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததில்லை. மகாராஷ்டிரத்தில் மகர்களுக்கும் ஊர்ச் சேவகம்தான்: சாவுசேதி சொல்வது, செத்த மாட்டை இழுப்பது. 1927இல் மகாத்தில் அம்பேத்கர் செத்த மாட்டுக் கறியை விடு, ஊர்ச் சேவகத்தை விடு என்றார். 1928இல் பம்பாய் சட்டசபையில் வதன் முறைக்கு எதிராக மசோதா கொண்டுவந்தார். அதே சனம் தமாஷா ஆட்டத்தைத் தூக்கி எறிந்துவிடவில்லை. கணபதி வணக்கத்தை வெட்டி எறிந்து, அம்பேத்கர் சேதியை ஏற்றி, ஜல்சா என்று ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். சேவகத்தை விட்டதும் கலையைக் கையில் எடுத்ததும் ஒரே இயக்கத்தில் நடந்தது. நாம் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டோம். மறுத்தவன் சேரியில் கிடக்கிறான், அடிக்கிறவன் மேடையில் நிற்கிறான், ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

இதில் அப்பாவோடும் எனக்குச் சண்டை உண்டு. மகள் முதல் தடவை பறையோடு வீட்டுக்கு வந்தபோது, 'அத வெளிய வச்சுட்டு வா தாயி' என்றார். அவள் அழுதாள். எனக்குக் கோபம் வந்தது. பறைதல் என்றால் சொல்லுதல், அந்தச் சொல்லையும் அவர்களிடமே விட்டுவிடணுமா என்று கேட்டேன். 'நீ படிச்சவன், சொல்லுவ. நான் நின்னவன்' என்றார். இதற்கு என்னிடம் இன்னும் சரியான பதில் இல்லை.

கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். போன ஏப்ரல் 14க்கு எங்கள் தெருவில் அடிக்கப் போகிறேன், எதை அடிக்கக் கூடாது என்று சொல்லுங்கள் தாத்தா என்றாள். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சாவடி எப்படிப் போகும் என்று வாயாலேயே சொல்லிக் காட்டினார். குச்சியைத் தொடவில்லை. அவள் ஊருக்குக் கேட்கிற மாதிரி அன்றைக்கு அடித்தாள், அந்த அடியை மட்டும் விட்டுவிட்டு. அடிப்பதற்கு முன்னால் 1991இல் தப்பை வைத்த பதினோரு பேரின் பெயரையும் படித்தாள். அதில் ஏழு பேர் இப்போது உயிரோடு இல்லை.

அந்தச் சென்னை விழாக்காரர்கள் அடுத்த வருஷத்துக்கும் அவளுடைய குழுவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆட்டத்துக்கு முன்னால் ஐந்து நிமிஷம் வேண்டும், எங்கள் தெருவின் ஆறு மாசத்தைச் சொல்லிவிட்டுத்தான் அடிப்போம் என்று எழுதிப் போட்டிருக்கிறாள். விழாவில் அரசியல் வேண்டாமே என்று பதில் வந்தது. சரி, அப்படியென்றால் பறையும் வேண்டாம் என்று திருப்பி எழுதியிருக்கிறாள்.