ரசிகர்கள் காத்த நாடாக்கள்

விஞ்ஞானப் புனைகதையில் தோய்ந்தவர்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடிவிட்டால், அங்கே எழும் வாதப் பிரதிவாதங்களைச் சற்றுத் தள்ளி நின்று கேட்பவனுக்கு, இவர்கள் ஏதோ பரம்பரைச் சொத்தைப் பாகம் பிரித்துக்கொள்ளத்தான் கூடியிருக்கிறார்களோ என்ற ஐயம் எழுவது இயற்கை. சைபர்பங்க் நாவல்களில் தலைசிறந்தது வில்லியம் கிப்ஸனின் ‘நியூரோமான்சர்’தான் என்று ஒருவர் சாதிப்பார், அதன் காலம் போய்விட்டது, நாம் இன்று வாழும் உலகத்தை எழுதிக் காட்டியவர் ‘ஸ்நோ கிராஷ்’ தந்த நீல் ஸ்டீவன்ஸன் அல்லவோ என்பார் இன்னொருவர், மூன்றாமவர் நாவல்களையே விட்டுவிட்டு, ‘டாக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடரில் நாயகனாக மாறி மாறி நடித்தவர்களுள் இரண்டாவது டாக்டர் சிறந்தவரா, நான்காவது டாக்டர் சிறந்தவரா என்ற தீராத வழக்கை மறுபடியும் எடுத்து வைப்பார். உயர்ந்த ருசி படைத்தவர்கள் என்று தம்மைக் கருதிக்கொள்ளும் இலக்கியப் பிரமுகர்கள் இதைக் கேட்டுப் புன்னகை செய்து விலகிவிடுவதுண்டு. எனக்கு அந்தப் புன்னகையில் உடன்பாடில்லை. இந்தப் பேச்சுக்குப் பொருளாக விளங்கும் படைப்புகளில் எத்தனையோ இன்று நம் கைக்கு எட்டுகின்றன என்றால், அவற்றின் உடைமையாளர்கள் அக்கறையற்றுக் கைவிட்ட நாளிலும் விடாப்பிடியாகப் பேசிக்கொண்டும் சேர்த்துவைத்துக்கொண்டும் இருந்த இந்த ரசிகர்களே அதற்குப் பெருமளவு காரணம்.

விண்கலங்களையும் வேற்றுக் கிரகவாசிகளையும் நம்பியிருந்த பழைய விஞ்ஞானக் கதைகளிலிருந்து விலகி, கணிப்பொறி வலைகளும், அரசாங்கங்களை விஞ்சிய பெரும் கம்பெனிகளும், அவற்றின் நிழலில் பிழைப்பு நடத்தும் தெருப்புறத்து மனிதர்களும் நிறைந்த எதிர்கால நகரங்களை எழுத முற்பட்டவர்கள் 1980-களின் சைபர்பங்க் எழுத்தாளர்கள். அவர்களில் முதல்வராகக் கருதப்படும் கிப்ஸன், அமெரிக்காவில் பிறந்து கனடாவின் வான்கூவர் நகரில் குடியேறியவர். கணிப்பொறியைப் பற்றி அதிகம் அறியாதவராகவே, சாதாரணத் தட்டச்சுப் பொறியில் அவர் அடித்து முடித்த ‘நியூரோமான்சர்’ 1984-ல் மலிவு விலைக் காகித அட்டைப் பதிப்பாக வெளிவந்து, ஹியூகோ, நெபுலா, பிலிப் கே. டிக் ஆகிய மூன்று பரிசுகளையும் ஒருசேரப் பெற்றது. நாவலை எழுதிக்கொண்டிருந்த நாளில், 1982-ல், ‘பிளேட் ரன்னர்’ திரைப்படத்தைப் பார்க்கப் போன கிப்ஸன், தம் மனத்திலிருந்த நகரமே திரையில் விரிவதைக் கண்டு, தம் உழைப்பெல்லாம் நகல் என்று உலகம் ஏசப்போகிறதே என்ற கலக்கத்தில் சிறிது நேரத்திலேயே அரங்கை விட்டு வெளியேறிவிட்டாராம். நல்லவேளையாக, நாவலை விட்டு அவர் வெளியேறவில்லை.

இந்த நாவலைப் போற்றும் ரசிகர்கள் பலரும் இது இன்றைய இணையத்தை முன்கூட்டியே கண்டுவிட்டது என்பதையே பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமை எனக்குச் சற்றும் பிடிபடுவதில்லை. தீர்க்கதரிசனம்தான் அளவுகோல் என்றால், கைத்தொலைபேசி என்ற ஒன்றே இல்லாமல், கதாநாயகன் கடந்து செல்லச் செல்லப் பொதுத் தொலைபேசிகள் ஒன்றன்பின் ஒன்றாக மணியடிக்கும் உலகத்தையும், சோவியத் ஒன்றியம் குலையாமல் நிற்கும் உலகத்தையும் எழுதிய கிப்ஸன் தோற்றவராகத்தான் நிற்க வேண்டும். அந்தப் பொதுத் தொலைபேசிக் கட்டமோ, நாவலிலேயே மயிர்க்கூச்செறியச் செய்யும் இடங்களில் ஒன்று. ஸ்டீவன்ஸனின் கதி இன்னும் விசித்திரமானது. 1992-ல் அவர் வெளியிட்ட ‘ஸ்நோ கிராஷ்’, அரசு என்பது தேய்ந்து அமெரிக்கா முழுவதும் கம்பெனிகளின் கிளைக் கடைகளாகச் சிதறிப்போன ஒரு நாளைக் கேலியும் கசப்பும் கலந்து சொல்வது. அதில் மெட்டாவெர்ஸ் என்று அவர் பெயரிட்ட மாய உலகத்தை, கேலியை உதறிவிட்டுத் திட்டமாகவே எடுத்துக்கொண்ட ஒரு பெரிய நிறுவனம், 2021-ல் தன் பெயரையே மெட்டா என்று மாற்றிக்கொண்டது. எச்சரிக்கையாக எழுதப்பட்டதை விளம்பரமாகப் படித்த இந்தப் படிப்பை விட, ‘டாக்டர் ஹூ’ பற்றிய சச்சரவு எவ்வளவோ புத்திசாலித்தனமானது.

இந்த இருவருக்கும் நடுவில் பெரும்பாலும் மறக்கப்படுகிறவர் பாட் காடிகன். புரூஸ் ஸ்டெர்லிங் தொகுத்து 1986-ல் வந்த ‘மிரர்ஷேட்ஸ்’ என்ற சைபர்பங்க் சிறுகதைத் தொகுப்பில் இடம்பெற்ற ஒரே பெண் எழுத்தாளர் அவர். மூளையில் பொருத்திய துளைகளின் வழியே மனிதர் நேராகக் கணிப்பொறி வலையோடு பிணைந்துகொள்ள, ஒரு மனிதனுக்கு நேர்ந்த மூளைப் பக்கவாதம் வலை முழுவதும் நோயாகப் பரவுவதைச் சொல்லும் அவருடைய ‘சின்னர்ஸ்’, 1991-ல் வெளிவந்து அடுத்த ஆண்டு ஆர்தர் சி. கிளார்க் பரிசைப் பெற்றது. பழகினவர்களுக்குக்கூட முதல் நூறு பக்கங்கள் கடினமாக இருக்கும். ஆயினும் மூன்றில் ஒன்றுதான் மிஞ்சும் என்றால் நான் இதைத்தான் கையில் எடுத்துக்கொள்வேன்.

‘நியூரோமான்சரில்’ ஒரு களவு நடக்கிறது. இறந்துபோன கைதேர்ந்த கணிப்பொறித் திருடன் ஒருவனுடைய அறிவும் பேச்சும் பதிவாகி, ஒரு பெரிய பொழுதுபோக்குக் கம்பெனியின் பெட்டகத்தில் பூட்டிக் கிடக்கின்றன. அந்தப் பதிவைக் களவாடிக்கொண்டு வந்தால்தான் கதை மேலே நகரும். கம்பெனியின் ஆஸ்தியாகப் பூட்டப்பட்டுக் கிடக்கும் ஒரு பதிவை வெளியே எடுத்தால்தான் செத்தவன் பேசுவான் என்ற இந்தக் கற்பனை, பழைய தொலைக்காட்சித் தொடர்களின் உண்மைச் சரித்திரத்தை அறிந்தவர்களுக்குக் கற்பனையாகவே தோன்றாது.

பிபிசி நிறுவனம் 1953-ல் நேரலையாக ஒளிபரப்பிய ‘தி குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்’ என்ற தொடர் ஆறு பகுதிகள் கொண்டது. பிரிட்டனையே நடுங்க வைத்ததாகச் சொல்லப்படும் அந்தத் தொடரில் முதல் இரண்டு பகுதிகளே இன்று உள்ளன. 1963 நவம்பர் 23 அன்று தொடங்கிய ‘டாக்டர் ஹூ’வுக்கு நேர்ந்தது இதைவிடக் கொடுமை, ஏனென்றால் அது முறையாகப் பதிவு செய்யப்பட்டு, பிறகு வேண்டுமென்றே அழிக்கப்பட்டது. ஒளிநாடாவின் விலை அப்போது அதிகம், ஆகவே ஒரு நாடாவை அழித்து வேறு நிகழ்ச்சிக்கு உபயோகிப்பது சிக்கனமாகத் தெரிந்தது. நடிகர் சங்கத்தோடு செய்த ஒப்பந்தங்கள் மறு ஒளிபரப்புக்கு எல்லை வகுத்தன. வண்ணத் தொலைக்காட்சி வந்தபின் கறுப்பு வெள்ளை நிகழ்ச்சிகளை யார் பார்க்கப் போகிறார்கள் என்ற நினைப்பும் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு காரணமும் தனியே எடுத்துப் பார்த்தால் நியாயமானதுதான். நியாயமான காரணங்களோடு, 1967 முதல் 1978 வரை, அறுபதுகளின் ‘டாக்டர் ஹூ’வில் பெரும் பகுதியை அவர்கள் துடைத்து எறிந்தார்கள்.

இழந்த பகுதிகளுக்கு உருவம் இல்லையே தவிர, ஒலி இருக்கிறது. ஒரு பகுதி விடாமல் இருக்கிறது. பிரிட்டனின் வீடுகளில் ஒலிப்பதிவுக் கருவி வைத்திருந்த சிலர், அவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு, தொலைக்காட்சிப் பெட்டியின் ஒலிபெருக்கிக்கு முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு, வீட்டார் யாரும் இருமாதபடி பார்த்துக்கொண்டு, வாரந்தோறும் பதிவு செய்தார்கள். எந்த நிறுவனமும் அவர்களைக் கேட்டுக்கொள்ளவில்லை. நல்ல கதையை இன்னொரு முறை கேட்கவேண்டும் என்ற ஆசைக்கு மேல் உன்னத லட்சியம் ஏதும் அவர்களுக்கு இருந்ததாகவும் தெரியவில்லை. பின்னாளில் பிபிசியே அந்தப் பதிவுகளைத் தேடிப் பெற்று விற்பனைக்கு வெளியிட்டது. வெளிநாடுகளுக்கு விற்ற பிரதிகளைத் தேடி அலைந்தவர்களின் முயற்சியால் வேறு சில பகுதிகள் உருவத்தோடும் திரும்பின. நைஜீரியாவின் ஜோஸ் நகரத்துத் தொலைக்காட்சி நிலையத்தில் கிடந்த ஒன்பது பகுதிகள் மீட்கப்பட்ட செய்தி 2013 அக்டோபரில் வெளியானபோது, இரண்டாவது டாக்டரின் கட்சிக்காரர்கள் அடைந்த ஆனந்தத்துக்கு அளவே இல்லை.

அமெரிக்காவில் இந்தப் பற்று வேறு உருவம் எடுத்தது. 1966-ல் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்’ இரண்டாம் ஆண்டோடு நிறுத்தப்படும் என்ற பேச்சு எழுந்தவுடன், ரசிகர்கள் என்பிசி நிறுவனத்துக்குக் கடிதங்களாக எழுதிக் குவித்தார்கள். தொடர் மூன்றாம் ஆண்டைக் கண்டது, கண்டதனால் 79 பகுதிகள் சேர்ந்தன, சேர்ந்ததனால் ஊருக்கு ஊர் நிலையங்கள் அதை விலைக்கு வாங்கி மறுபடி மறுபடி ஒளிபரப்பி, முதலில் பெறாத புகழை அதற்குத் தேடித் தந்தன.

இந்த இரு மரபுகளும், அதாவது பழைய தொலைக்காட்சித் தொடரும் சைபர்பங்கும், ஓரிரவு சிகாகோ நகரில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. ‘மாக்ஸ் ஹெட்ரூம்’ என்பது 1985-ல் பிரிட்டனில் தொலைக்காட்சிப் படமாகத் தோன்றி, 1987-ல் அமெரிக்காவில் ஏபிசி நிறுவனத்தின் தொடராக வளர்ந்த கதை. கணிப்பொறிக்குள் வாழும் திக்குவாய் முகம் ஒன்று அதன் நாயகன். அன்றைய கணிப்பொறிக்கு அப்படியொரு முகத்தை வரையும் ஆற்றல் இல்லாததால், மாட் ஃபிரூவர் என்ற நடிகர்தான் முகம் முழுக்க ஒப்பனைப் பூச்சு ஏற்றிக்கொண்டு அப்படித் தோன்றினார் என்பது ஒரு வேடிக்கை. தொலைக்காட்சிப் பெட்டியை அணைக்கும் பொத்தானையே சட்டம் தடைசெய்துவிட்ட ஒரு சமுதாயத்தை அந்தத் தொடர் காட்டியது. 1987 நவம்பர் 22, ஞாயிறு இரவு, சிகாகோவின் பொதுத் தொலைக்காட்சி நிலையம் ‘டாக்டர் ஹூ’வின் பழைய கதை ஒன்றை ஒளிபரப்பிக்கொண்டிருந்தபோது, யாரோ ஒருவர் நிலையத்தின் அலையை மீறித் தம் அலையைப் புகுத்தி, மாக்ஸ் ஹெட்ரூமின் முகமூடியோடு சுமார் ஒன்றரை நிமிஷம் திரையில் கூத்தாடினார். அரசாங்கம் விசாரித்தது, ஆளைப் பிடிக்கவே முடியவில்லை. அந்தக் காட்சி இன்றும் காணக் கிடைப்பதற்குக் காரணம், அன்றிரவு தத்தம் வீட்டில் ‘டாக்டர் ஹூ’வை வீடியோ நாடாவில் பதிவு செய்துகொண்டிருந்த ரசிகர்கள்.

அப்படிப் பதிவு செய்துகொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதும், தற்செயலாக, ‘நியூரோமான்சர்’ வெளிவந்த 1984-ஆம் ஆண்டில்தான். சோனி கம்பெனியின் பதிவுக் கருவியை எதிர்த்து யுனிவர்சல் திரைப்பட நிறுவனம் தொடுத்த வழக்கில், பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்துகொள்வது குற்றமாகாது என்று ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கமும் நால்வர் மறுபக்கமுமாக நின்று தீர்ப்பளித்தனர். ஒரே ஒரு வாக்கு இடம் மாறியிருந்தால் எத்தனை நாடாக்கள் பதிவாகாமலே போயிருக்கும்! ஆனால் 1998-ல் அதே நாட்டில் வந்த டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம், மின்னணுப் பூட்டை உடைப்பதையே குற்றமாக்கிவிட்டது. இன்று தொடர்கள் பூட்டோடுதான் வருகின்றன. 2022 டிசம்பரில் எச்பிஓ மாக்ஸ் தளத்திலிருந்து ‘வெஸ்ட்வேர்ல்ட்’ அகற்றப்பட்டது. 2023 மே மாதத்தில் ‘வில்லோ’ தொடர் டிஸ்னி பிளஸ் தளத்தில் தோன்றி ஆறு மாதமே ஆன நிலையில் மறைந்தது. செலவைக் குறைக்கவேண்டியிருந்தது என்பது காரணம். பிபிசி சொன்ன காரணமும் அதுதானே?

படைத்தவனுக்கும் பணம் போட்டவனுக்கும் உரிமை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை; திருட்டுப் பிரதி விற்றுப் பணம் பண்ணுகிறவனுக்காகவும் பேசவில்லை. என் வியப்பெல்லாம் வேறு. கம்பெனிகள் மனிதனின் நினைவையும் விலைக்கு வாங்கிப் பூட்டிவிடும் என்று பக்கம் பக்கமாக எழுதிய நாவல்களைப் படித்து வளர்ந்த ரசிகர்கள்தாம், மாதச் சந்தா கட்டி, பூட்டின் சாவியைக் கம்பெனியிடமே விட்டுவைத்து, எந்தப் பகுதி சிறந்தது என்று மட்டும் சண்டையிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ‘நியூரோமான்சரையே’ தொடராக எடுக்கப்போவதாக ஆப்பிள் நிறுவனம் 2024-ல் அறிவித்தது. அந்த நாவல் உலகெங்கும் ஆயிரமாயிரம் அலமாரிகளில் காகிதமாக இருக்கிறது, யாராலும் ஒரே நாளில் அதை அழிக்க முடியாது. அதன் தொடர் வடிவமோ ஒரு கம்பெனியின் கணக்குப் பிள்ளை மனம் வைக்கும்வரைதான் இருக்கும்.

இதற்குப் பரிகாரம் இல்லாமல் இல்லை. புத்தகத்தின் பிரதியை அரசு நூலகத்தில் சேர்ப்பது போலவே, வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் பிரதிகளையும் பாதுகாப்பில் சேர்க்கவேண்டும் என்று பிரான்ஸ் 1992-ல் சட்டம் செய்தது. நம் நாட்டில் 1954-ஆம் ஆண்டின் சட்டப்படி, வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்தின் பிரதியும் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட வேறு மூன்று நூலகங்களுக்கும் போய்ச் சேரவேண்டும். மின்பிம்பமாகத் தோன்றி நாட்டை ஆளும் சர்வாதிகாரியைப் பற்றி சுஜாதா எழுதிய ‘என் இனிய இயந்திரா’ நாவலை அந்தச் சட்டம் காக்கிறது. அதே கதை தூர்தர்ஷனில் தொடராக வந்தபோது, அதன் நாடாவைக் காக்க அப்படியொரு சட்டம் இருக்கவில்லை, இன்றும் இல்லை. நாடாளுமன்ற உறுப்பினர்கள் அந்த 1954 சட்டத்தைத் திருத்தி, தொலைக்காட்சித் தொடர்களையும் இணையத் தளங்களின் தொடர்களையும் அதன் வரம்புக்குள் கொண்டுவரவேண்டும். அதுவரை, பழைய தூர்தர்ஷன் பதிவுகள் கொண்ட வீடியோ நாடா வீட்டுப் பரணில் கிடக்குமானால், வாசகர்கள் தயவுசெய்து அதைத் தூக்கி எறியாதிருக்க வேண்டும்.