கல்லில் இருக்கும் பெயர்

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேர் பெயரோடு இருக்கிறார்கள்: எந்தச் சிறகில் எந்த வீடு, ஆளுக்கு நூறு கலம் நெல் என்பது வரை. அரசன் தன் பெருமைக்கு வெட்டியதுதான். ஆனாலும் பெயர் நிற்கிறது.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் யாரும் எழுதலாம். ஆனால் அச்சிலோ இணையத்திலோ வெளியான நம்பகமான சான்று வேண்டும். நடுநிலையான விதிதானே என்பார்கள். அச்சில் வந்தவர்கள் யார்? 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்தார்கள். மிராசுதாரின் பெயரைச் சட்டென்று சொல்கிறோம். மாண்ட பெண்களில் ஒருத்தியின் பெயரைச் சொல்ல முடிகிறதா? டோனா ஸ்டிரிக்லாண்ட் பற்றிய ஆங்கில வரைவே 2018 மே மாதம் சான்று போதாதென்று திருப்பப்பட்டது. அக்டோபரில் அவருக்கு இயற்பியல் நோபல். அவருக்கே அப்படியென்றால் நடவுக்காரிக்கு?

தொகுப்பவர்களுக்குள்ளும் இதே கணக்குதான். எத்தனை கட்டுரை தொடங்கினாய் என்று எண்ணுவது எளிது. பிழை திருத்தியவளை, சான்று சேர்த்தவளை, பேச்சுப் பக்கத்தில் புதியவளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னவளை யார் எண்ணுவது? பந்தியை எண்ணிவிட்டுச் சமைத்தவளை மறக்கும் பழக்கம் இது.

பதக்கத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். நடவில் ஒருத்தி பின்தங்கினால் பக்கத்தில் நிற்பவள் அவள் முடியையும் சேர்த்து நடுகிறாள். ஒருத்தியின் பக்கத்தில் நீக்கல் அறிவிப்பு விழுந்தால் இன்னொருத்தி சான்று தேடட்டும். சான்றே இல்லையென்றால், அம்மாக்களிடம் கேட்டு எழுதி அச்சேற்றுவோம். திருத்தியவளின் பெயரையும் சேர்த்து.