எழுந்ததும் இணைந்ததும் ஒன்றல்ல

உவரி போன்ற மணற்கரை ஊர்களில் படகைக் கடலில் இறக்குவோர், ஆட்களும் எந்திரமும் ஆயத்தமானவுடன் அதைத் தள்ளிவிடுவதில்லை. அடுத்தடுத்து வரும் அலைகளைக் கண்ணால் அளந்து, இரு பேரலைகளுக்கிடையே கடல் சற்றுத் தாழும் வேளை பார்த்தே தள்ளுவர். படகு ஆயத்தமாதல் வேறு. கடல் வழிவிடுதல் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியும் எளிய அறிவு, இன்று நம் அலுவல்களையெல்லாம் சுமக்கும் கணினிகளுக்கு ஊட்டப்படாமலே விடப்படுகின்றது. அதனால் விளையும் தீங்கைப் பற்றியும், அதை நீக்கும் வழி பற்றியும் நம் கருத்தை இங்கு முன்வைக்க விரும்புகின்றோம்.

மின்வெட்டுக்குப் பின்

மின்சாரம் போய் மீளும்போது கணினியும் இணைய மோடமும் ஒரே நேரத்தில் உயிர்பெறுகின்றன. இக்காலக் கணினி ஒரு நிமிடத்திற்குள் எழுந்துவிடும். மோடமோ தன் நிறுவனத்தோடு தொடர்புகொண்டு, முகவரி பெற்று, வழி திறப்பதற்குச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்வதுண்டு. இடர் நிகழ்வது இந்த இடைவெளியில்தான். தொலைவிலுள்ள சேமிப்பகத்தில் கோப்புகளைப் படியெடுக்கும் பணி, அலுவலகத்தின் பொதுக் கோப்பகத்தை இணைக்கும் பணி போன்றவை வழி திறவாமுன்னே கதவைத் தட்டுகின்றன. மறுமொழி இல்லாமையால் ‘தோல்வி’ என்று பதிவேட்டில் எழுதிவிட்டு ஓய்ந்துவிடுகின்றன. பின்னர் இணைப்பு வந்தாலும், மீண்டும் முயலுமாறு பணிக்கப்படாதவை தாமாக எழுவதில்லை.

திரையில் எல்லாம் நலமாகவே தோன்றும். மாணவர்தம் மதிப்பெண் பட்டியலுக்குப் படியே எடுக்கப்படவில்லை என்னும் உண்மை, வன்தட்டு பழுதாகும் நாளில்தான் வெளிப்படும். அன்று யாரை நோவது?

இலக்கணம் தரும் விளக்கம்

லினக்ஸ் கணினிகளுள் பெரும்பாலானவற்றில், 2010ஆம் ஆண்டு அறிமுகமான ‘சிஸ்டம்டி’ என்னும் மென்பொருளே பணிகளை முறைப்படி எழுப்புகின்றது. அதில் ‘நெட்வொர்க் டார்கெட்’ என்றும், ‘நெட்வொர்க் ஆன்லைன் டார்கெட்’ என்றும் இரு நிலைகள் உள. பிணையத்தை மேலாளும் மென்பொருள் தொடங்கிவிட்டது என்பதை மட்டுமே முன்னது உணர்த்தும். இணைப்பு பயன்படும் நிலையை எய்தியது என்பதைப் பின்னதே உணர்த்தும். பெயர் ஒற்றுமையால் மயங்கி முன்னதைக் குறித்துவிட்டுக் கணினியைக் குறைகூறுவோர் பலர்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ‘மாணவன் நூலைப் படித்துத் தேர்வு எழுதினான்’ என்னும் தொடரை நோக்குவோம். ‘படித்து’ என்னும் வினையெச்சம், எது முன், எது பின் என்னும் வரிசையைக் காட்டுவதோடு, படித்தல் நிகழ்ந்தது என்பதையும் உறுதிசெய்கின்றது. தமிழில் ஒரே எச்சம் சுமக்கும் இவ்விரு பொருளையும் சிஸ்டம்டிக்குத் தனித்தனியே கூறவேண்டும். ‘ஆஃப்டர்’ என்னும் கட்டளை வரிசையை மட்டும் குறிக்கும். ‘வாண்ட்ஸ்’ என்னும் கட்டளையே அந்நிலையை வரவழைக்கும். முன்னதை மட்டும் எழுதினால், வேறெதுவும் அந்நிலையை அழைக்காதபோது, காத்திருத்தலே நிகழாது.

எனினும் காத்திருத்தல் ஒன்றே மருந்தாகிவிடாது. அலை ஓய்ந்தபின் தலைமுழுகுவேன் என்பவன் என்றும் கரையிலேயே நிற்பான். சிஸ்டம்டியின் பிணையப் பிரிவு, இயல்பான அமைப்பில், இணைப்பிற்காக 120 நொடி காத்திருந்துவிட்டுக் கைவிடும். மோடம் அதற்கும் பிந்தினால் என் செய்வது? பதற்றமும் பயன்தராது. 10 நொடிக்குள் 5 முறை தொடங்கித் தோற்ற பணியை மேலும் எழுப்பாமல் நிறுத்திவிடுவதே அதன் இயல்பான விதி. மென்பொருள் தானே இணைப்பின் வரவையும் போக்கையும் தாங்கி, இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் முயல்வதே நிலையான தீர்வென்று அதை ஆக்கியோரே கூறியுள்ளனர். நம் கருத்தும் அதுவே.

ஒக்கி உணர்த்திய உண்மை

இது கணினி அறையோடு நின்றுவிடும் சிக்கலன்று. 2017 நவம்பர் 29ஆம் நாள் தென்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாயிற்று. மறுநாளே அது ஒக்கிப் புயலாயிற்று. மீனவர் கடலுக்குச் செல்லவேண்டா என்னும் எச்சரிக்கை கரையில் ஒலித்தது. ஆனால் பன்னாள் தங்கி மீன்பிடிக்கும் படகுகள் அதற்கு முன்னரே ஆழ்கடல் சென்றிருந்தன. கைப்பேசி அலையோ கரையிலிருந்து சிறிது தொலைவோடு நின்றுவிடுவது. எச்சரிக்கும் பணி எழுந்துவிட்டது. கேட்க வேண்டியவரோடு இணைப்பு இல்லை. குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் எத்தனையோ குடும்பங்கள் கடல்சென்ற தம் மக்களை இழந்தன.

அதன்பின் கருவிகள் திருந்தி வருகின்றன. ஆழ்கடலில் எச்சரிக்கையைப் பெறும் ‘ஜெமினி’ கருவி 2019இல் அறிமுகமாயிற்று. எனினும் அது கேட்கும் கருவியே, மறுமொழி சொல்லாது. 2010 முதல் படகுகள் ஏந்திய இடர் அறிவிப்புக் கருவியோ செயற்கைக்கோள் வழி அபயக்குரலை அனுப்பியதே அன்றி, அக்குரல் சேர்ந்ததா என்பதைப் படகில் இருப்பவருக்குத் தெரிவிக்கவில்லை. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2024 சனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த அதன் இரண்டாம் தலைமுறைக் கருவி, ‘உம் செய்தி கிடைத்தது’ என்னும் ஒப்புகையைப் படகிற்கே திருப்பி அனுப்புகின்றது. அனுப்பியதைக் கொண்டு அமைதியுறாது, சேர்ந்ததைக் கொண்டு அமைதியுறும் இம்முறையையே ஒவ்வோர் அலுவலகமும் மேற்கொள்ளல் வேண்டும்.

செய்யத் தக்கன

முதலாவது, பணியை அமைப்போர் வரிசை, வரவழைத்தல் ஆகிய இரண்டையும் எழுதுக. தோற்றால் 30 நொடிக்கு ஒருமுறை மீண்டும் முயலுமாறு பணிக்க. அவ்வளவு இடைவெளி விட்டால் மேற்சொன்ன 5 முறை எல்லையும் குறுக்கிடாது.

இரண்டாவது, கணினிக்கு வாங்கும் யு.பி.எஸ். மோடத்தையும் தாங்கட்டும். சிறிய மின்வெட்டில் இணைப்பு அறாதிருக்க இதுவே மலிவான வழி.

மூன்றாவது, தோல்வி பதிவேட்டில் உறங்கலாகாது. பொறுப்பாளர் ஒருவரின் கைக்கு அது செய்தியாக வந்து சேர வேண்டும்.

நான்காவது, நிறுவனங்களை நடத்தும் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். புதிய கட்டமைப்பை ஏற்குமுன், ‘வேலை செய்கிறது’ என்னும் விற்பனையாளர் சொல்லோடு நில்லாதீர். மின்சாரத்தை முழுவதும் நிறுத்தி, மீண்டும் தந்து, ஒவ்வொரு பணியும் தானாக எழுந்து இணைகின்றதா என்று பார்த்தபின் பணம் தருக. பருவத்திற்கு ஒருமுறை இச்சோதனையை நடத்துக.

ஐந்தாவது, இணைப்பு வாராத நாளிலும் உதவித்தொகை விண்ணப்பத்தையோ தேர்வுக் கட்டணத்தையோ தாளில் பெற்றுக்கொள்ளும் வழி திறந்திருக்க வேண்டும். கருவியின் காலத்தவறுக்கு ஏழை மாணவன் ஓராண்டை விலையாகத் தருதல் அறமன்று.

மாணவச் செல்வங்களே! நாளை இக்கட்டமைப்புகளை ஆக்கப் போகிறவர் நீங்கள். ‘தொடங்கிவிட்டதா?’ என்னும் வினாவோடு நிறைவு கொள்ளாதீர். ‘உரியவரிடம் சேர்ந்ததா?’ என்று மறுமுறையும் வினவுங்கள். அவ்வினா வழக்கமானால், மின்சாரம் போய் வரும் நாளிலும் மக்கள் பணி தடைபடாது நடக்கும்.