டபள் கெப்பும் கோப்புப் பையும்

டீசல் கெப் என்றால் வலு, பெற்றோல் என்றால் விளையாட்டுச் சாமான் என்ற எண்ணம் நம்மவரிடையே ஊறிப்போய்விட்டது. ஹைலக்ஸையே எடுத்துக்கொள்வோம். 2020இல் மேம்படுத்தப்பட்ட அதன் 2.8 லீற்றர் டீசல் இயந்திரம், தானியங்கிக் கியருடன், 500 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை தருகிறது. அதுவும் நிமிடத்துக்கு 1,600 சுற்றுகளிலேயே. 2.7 லீற்றர் பெற்றோல் இயந்திரமோ 245தான். அதற்கும் 4,000 சுற்றுகள் வேண்டும். மரக்கறி மூட்டைகளுடன் நுவரெலியா மலையேறுபவரிடம் நான் வாதிடப்போவதில்லை.

ஆனால் கொழும்பில் இவை சுமப்பது என்ன? ஓர் அதிகாரியையும் அவரது கோப்புப் பையையும்! (சாரதியையும் சேர்த்துக்கொள்ளலாம்.) அதற்கு அந்த 245 தாராளம். நெரிசலில் ஊர்ந்து குறுந்தூரம் ஓடும் டீசல் வாகனத்தின் கரி வடிகட்டி, தன்னில் படிந்ததை எரித்துத் தீர்க்கும் சூட்டை எளிதில் எட்டுவதில்லை, அடைத்துக்கொள்கிறது. வடிகட்டியே இல்லாத பழைய வண்டிகள் கரியை நேரே தெருவில் கொட்டுகின்றன. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இலேயே வகைப்படுத்திவிட்டது. அதைச் சுவாசிப்பவர் கண்ணாடியை உயர்த்திவிட்டுக் குளிரூட்டியில் அமர்ந்திருப்பவரல்லர். பஸ் தரிப்பிடத்தில் நிற்கும் பாடசாலைப் பிள்ளை.

நகரப் பணிக்கு டீசல் கெப் கேட்கும் திணைக்களத்திடம், ஏற்றப்போகும் சுமை எத்தனை கிலோ என்று திறைசேரி முதலில் எழுத்தில் கேட்கட்டும்.