மதிப்பெண் இல்லாத பாடம்



2023 நவம்பரில் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஆறாம் தலைமுறைக் கைப்பேசி வலையமைப்புக்கான (6ஜி) சட்டகத்தை ஏற்றுக்கொண்டது. அதில் உச்ச வேகம் நொடிக்கு 50 முதல் 200 கிகாபிட் வரை என்று எண்ணாலேயே எழுதப்பட்டிருக்கிறது. ‘பாதுகாப்பும் மீள்திறனும்’ என்பதும் அதே பட்டியலில் உள்ளது. ஆனால், அதற்கு எண் இல்லை. விளக்கம் மட்டுமே உண்டு.

ஆசிரியர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். மதிப்பெண் இல்லாத பாடத்தை மாணவரும் படிப்பதில்லை. பள்ளியும் நேரம் ஒதுக்குவதில்லை.

அப்படியானால், பாதுகாப்புக்கு யார் பொறுப்பு? “பொதுமக்கள் விழிப்பாக இருக்க வேண்டும்” என்பதே நாம் நாள்தோறும் கேட்கும் பதில். இந்தப் பதிலை நான் மறுக்கிறேன்.

2021 டிசம்பரில் சிங்கப்பூரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் போலிக் குறுஞ்செய்திகள் வந்தன. வங்கியின் உண்மையான செய்திகள் வரும் அதே வரிசையில் அவையும் வந்து அமர்ந்தன. 790 வாடிக்கையாளர்கள் 13.7 மில்லியன் வெள்ளியை இழந்தனர். அத்தனை பேரும் அறிவிலிகளா? அனுப்புநர் பெயரைச் சரிபார்க்காத அமைப்பின் பிழை அது. அதனால்தான் 2023 சனவரி முதல் நிறுவனங்கள் தம் பெயரைப் பதிவு செய்தாக வேண்டும் என்று சிங்கப்பூர் விதித்தது.

மோசடிக்காரர்கள் அதற்கும் வழி கண்டனர். சிறிய போலி அலைக்கோபுரக் கருவியை மகிழுந்தில் ஏற்றி, அருகிலுள்ள கைப்பேசிகளைப் பழைய 2ஜிக்கு இழுத்து, செய்தியை நேரே திணிக்கின்றனர். அது நிறுவனங்களின் வலையமைப்பு வழியாக வருவதே இல்லை; பதிவேடு என்ன செய்யும்? 2023இல் பாங்காக்கில் இத்தகையோர் பிடிபட்டனர். பிறகு மலேசியாவிலும் பிடிபட்டனர்.

இதன் வேர் 1991இல் தொடங்கிய 2ஜியின் வடிவமைப்பில் உள்ளது. கைப்பேசி தன்னை யாரென்று கோபுரத்திற்கு மெய்ப்பிக்க வேண்டும். கோபுரமோ கைப்பேசிக்கு எதையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. பள்ளி வாயிலில் மாணவன் அடையாள அட்டையைக் காட்டுகிறான். வாங்கிப் பார்ப்பவர் உண்மையான காவலர்தாமா என்று கேட்க அவனுக்கு வழியில்லை என்பது போன்றது இது. 3ஜி இக்குறையைச் சரிசெய்தது. மலேசியாவோ 2021 இறுதியில் 3ஜியை மூடிவிட்டு 2ஜியை விட்டுவைத்தது! பழைய கைப்பேசி வைத்திருக்கும் முதியோருக்காக என்பது நியாயமான காரணம்தான். ஆயினும், அவர்களுக்கு எளிய 4ஜி கைப்பேசி கொடுப்பதே முறையான தீர்வு.

5ஜி பயனரின் அடையாள எண்ணைக் குறியாக்கம் செய்து அனுப்பும் வசதியைத் தந்தது. ஆனால், குறியாக்கம் இல்லாமல் இயக்கவும் அதே தரநிலை இடம் தருகிறது. பூட்டைச் செய்துவிட்டு, பூட்டுவது உங்கள் விருப்பம் என்பதா?

இனி மீள்திறன். 2023 நவம்பர் 8 அன்று ஆஸ்திரேலியாவின் ஆப்டஸ் வலையமைப்பில், வெளியிலிருந்து வந்த வழித்தடத் தகவல் மாற்றத்தால் சுமார் 90 திசைவிகள் தம்மைத் தாமே துண்டித்துக்கொண்டன. ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் தொடர்பிழந்தனர். சில கோபுரங்கள் உயிரோடு இருப்பதுபோல் தொடர்ந்து அலை பரப்பியதால், கைப்பேசிகள் வேறு நிறுவனத்தின் கோபுரத்தை நாடவில்லை. 2,145 பேரின் அவசர அழைப்புகள் போய்ச் சேரவில்லை. இவர்கள் எவ்வளவு விழிப்பாக இருந்தால் என்ன பயன்?

நம் நாட்டில் 5ஜிக்கு ஒரு வலையமைப்பா, இரண்டா என்று ஆண்டுக்கணக்கில் வாதிட்டனர். 2024 நவம்பரில் இரண்டாவது வலையமைப்பை அமைக்க யூ மொபைல் தேர்வானது. நல்லது. ஆனால், இரண்டும் ஒரே கோபுரத்தில், ஒரே மின்னிணைப்பில், ஒரே கண்ணாடியிழையில் தொங்குமானால் அவை இரண்டல்ல, ஒன்றுதான். வெள்ளம் வரும்போது இது தெரியும்.

ஆகவே, அடுத்த தலைமுறைக்கு நாம் கேட்க வேண்டியவை:

1. தன்னை மெய்ப்பிக்காத கோபுரத்தைக் கைப்பேசி ஏற்கக் கூடாது. நாடு 2ஜியை மூடினாலும், கைப்பேசி அதை ஏற்கும்வரை போலிக் கோபுரம் பிழைத்திருக்கும். 2ஜியை அணைக்கும் வசதியை 2021இல் ஆண்ட்ராய்டு 12 கொண்டுவந்தது. அது தொடக்கத்திலேயே அணைந்திருக்க வேண்டும்.
2. குறியாக்கம் விருப்பமாக அன்றிக் கட்டாயமாக வேண்டும்.
3. மின்சாரம் நின்றபின் கோபுரம் எத்தனை மணி நேரம் இயங்கும் என்பதை உரிமத்தில் எண்ணாக எழுதி, ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.
4. ஒரு வலையமைப்பு விழுந்தால் 999 அழைப்பு அடுத்ததற்குத் தானே மாற வேண்டும். அதை நடத்திக் காட்டித் தேர்வு வைக்க வேண்டும்.

இவற்றால் செலவு கூடும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அச்செலவு இன்றும் இருக்கிறது. ஏமாந்தவரின் சேமிப்பிலிருந்து அது போகிறது. 6ஜியின் தரநிலைகள் இன்னும் எழுதி முடிக்கப்படவில்லை. கேட்க வேண்டிய காலம் இதுவே. கேட்போமா?