தீவகத்து உறவுகளுக்கு: கட்டடம் போதும், பிள்ளைக்குக் கொடுங்கள்



தென் லண்டனில் ரூட்டிங் பகுதியில் வாழும் தீவகத்தான் ஒருவன் எழுதும் மடல் இது. வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு, ஊர்காவற்றுறை, காரைநகர் என எந்த ஊரவர் வெளிநாட்டில் கூடினாலும் பேச்சு ஓரிடத்தில் வந்து நிற்கும்: ஊருக்கு என்ன செய்யலாம்? பதிலும் பெரும்பாலும் தயாராகவே இருக்கும். பாடசாலைக்கு மண்டபம், இல்லாவிட்டால் நுழைவாயில் வளைவு, அதுவும் இல்லாவிட்டால் கோயில் திருப்பணி.

1990களின் தொடக்கத்தில் போர் தீவகத்தைக் காலியாக்கியது. திரும்பி வந்த சனத்துக்குக் கூரையில்லாத பாடசாலைகள்தான் மிஞ்சின. அவற்றைத் திருத்த வெளிநாட்டுக் காசு வந்தது. அந்தக் காசைக் கொடுத்தவர்களை ஊர் மறக்கக்கூடாது. ஆனால் அந்தக் காலம் வேறு. இன்று பல வகுப்பறைகளில் சுவர் இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, பிள்ளைகள்தான் குறைவு. இருக்கிற பிள்ளைகளிலும் வீட்டுக் கஷ்டத்தால் இடையில் நிற்பவர்கள் உண்டு. அவர்களுக்கு மாதம் தவறாமல் போய்ச் சேரும் ஒரு சிறு தொகையே ஊர்ச் சங்கங்களின் முதல் வேலையாக வேண்டும். இம்மடலின் கோரிக்கை அது ஒன்றுதான்.

இலவசக் கல்வி இருக்கிறதே, பிறகென்ன செலவு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலங்கையில் கல்வி இலவசமானது. 1980 முதல் பாடநூலும், 1993 முதல் சீருடைத் துணியும் இலவசம். அயல்நாடுகள் பலவற்றை விட இலங்கை இதில் முன்னே நின்றது. ஆனாலும் சப்பாத்து, புத்தகப்பை, கொப்பி, போட்டோக்கொப்பி, வசதிக் கட்டணம், பஸ் காசு, எல்லாவற்றுக்கும் மேலாக ரியூசன் காசு என்று வீட்டின் கையைக் கடிக்கும் செலவுகள் வரிசையாக நிற்கின்றன. ரியூசன் கூடாது என்று மேடையில் பேசலாம். பக்கத்து மேசைப் பிள்ளை போகும்போது தன் பிள்ளையை வீட்டில் வைத்திருக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்?

தீவகத்துக்கு இன்னொரு செலவும் உண்டு. உயர்தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் 1ஏபி தரப் பாடசாலைகளில்தான் உண்டு. தீவகத்தில் அத்தகைய பாடசாலைகள் குறைவு. டொக்டராகவோ எஞ்சினியராகவோ வர விரும்பும் பிள்ளைகளில் பலர் பண்ணைப் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாணம் போகவேண்டும். நெடுந்தீவுப் பிள்ளைக்கு அதற்கு முன் கடல் இருக்கிறது. குறிகட்டுவானுக்குப் படகில் வந்து, அங்கிருந்து பஸ் ஏறி, மாலையில் திரும்புவதென்பது தினமும் நடக்கிற காரியமல்ல. பட்டணத்தில் தங்க வேண்டும். தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் கடற்றொழில் செய்யும் தகப்பன் எங்கே போவார்? திறமை இருந்தும் கலைப்பிரிவோடு நின்றுவிடும் பிள்ளை தன் விருப்பத்தால் அப்படி நிற்பதில்லை. (கலைப்பிரிவு தாழ்ந்தது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம், தெரிவு பிள்ளையுடையதாக இருக்க வேண்டும் என்பதே பேச்சு.)

அதற்கும் முந்திய கதவு சாதாரண தரம். உயர்தரத்துக்குப் போகத் தாய்மொழி, கணிதம் உட்பட ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். கணிதத்தில் தவறிய பிள்ளைகளில் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். கட்டாயக் கல்வி வயது 2016இல் பதினாறாக உயர்த்தப்பட்டது. சட்டத்தின் பிடி தளரும் அந்த வயதில்தான் கடையிலோ வள்ளத்திலோ நாட்சம்பளம் கைகாட்டுகிறது. பத்தாம், பதினோராம் வகுப்பில் கணிதத்துக்கு ஒரு நல்ல ஆசிரியர் கிடைத்தால் பல பிள்ளைகளின் வாழ்க்கை திரும்பும். அந்தச் செலவைத் தாங்க ஊரால் முடியும்.

அரசும் கொடுக்கிறது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் மாதம் 750 ரூபாவிலிருந்து 1,500 ஆகவும், பல்கலைக்கழக மாணவருக்கான மகாபொல 5,000இலிருந்து 7,500 ஆகவும் உயர்த்தப்பட்டன. நல்லது. ஆனால் புலமைப்பரிசில் பத்து வயதில் எழுதும் ஒரு பரீட்சையின் முடிவில் தொங்குகிறது. மகாபொல பல்கலைக்கழக வாசலைத் தொட்டவருக்குத்தான். பத்து வயதில் வெட்டுப்புள்ளிக்குக் கீழே போய், பதினைந்து வயதில் படிப்பில் கண் திறந்த பிள்ளைக்கு இரண்டுமில்லை. ஊர்ச் சங்கம் நிற்கவேண்டிய இடம் அந்த இடைவெளி.

ஊர் கூடிப் பிள்ளையின் படிப்பைத் தாங்குவது புதிய யோசனையும் அல்ல. தமிழ்நாட்டின் விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலையை நாடார் உறவின்முறை என்ற சமூகச் சங்கத்தினர் நடத்திய விதத்தைப் பாருங்கள். வணிகர்கள் தங்கள் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமையாக ஒதுக்கினார்கள். வீடுகளில் பெண்கள் சமைக்க எடுக்கும் அரிசியில் ஒரு பிடியைப் பள்ளிக்கென்று தனியே போட்டார்கள். பெரிய கொடையாளி ஒருவரின் தயவை எதிர்பார்த்து அந்தப் பள்ளி நிற்கவில்லை. ஊர் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தது, நிறுத்தாமல் கொடுத்தது. அங்கே படித்த பிள்ளைகளில் ஒருவர் காமராஜர். முதலமைச்சரான பின் பள்ளிகளில் மதிய உணவைப் பரப்பியவரும் அவரே.

யாழ்ப்பாணத்திலும் முன்மாதிரி உண்டு. 1923இல் கல்வித் தொண்டர் இராசரத்தினம் முன்னின்று அமைத்த சைவ வித்தியா விருத்திச் சங்கம் நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளை நடத்தியது. 1960களின் தொடக்கத்தில் அரசு பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது அந்தப் பொறுப்பு ஊரின் கையை விட்டுப் போனது. அதோடு, பிள்ளையின் படிப்பு ஊரின் கடமை என்ற பழக்கமும் மெல்லத் தளர்ந்தது.

ரூட்டிங்குக்குப் பக்கத்திலும் பார்க்க ஒன்று இருக்கிறது. சேர் வோல்டர் சென்ட் ஜோன் என்ற நிலப்பிரபு 1700ஆம் ஆண்டில் பற்றசி என்ற ஊரின் இருபது ஏழைச் சிறுவர்களுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினார். அந்தப் பள்ளி 1986இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அவர் பெயரிலுள்ள அறநிதி இன்றும் வோண்ட்ஸ்வேர்த், லம்பெத் பகுதிகளின் இளைஞர்களுடைய கல்விக்குக் கொடுத்து வருகிறது. மூன்று நூற்றாண்டு. முதலை வைத்துக்கொண்டு வருமானத்தைச் செலவழிப்பது, எல்லையை ஓர் ஊரோடு நிறுத்துவது, கணக்கை எவரும் பார்க்கும்படி வைப்பது என்று இங்கிலாந்தில் இத்தகைய ஊர் அறநிதிகள் பல இயங்குகின்றன. தீவகத்து மக்கள் வாழும் தெருக்களில் நடக்கும் காரியம்தான். தீவகத்துக்கு அது ஏன் முடியாது?

முதலை வைப்பதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். 2022 மார்ச்சு தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலருக்கு 200 ரூபா அளவில் கிடைத்தது. மே மாதத்தில் 360. அந்தச் செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் எழுபது வீதத்தை நெருங்கியது. நிலையான வைப்பில் காசைப் போட்டுவிட்டு வட்டி முழுவதையும் ஆண்டுதோறும் பகிர்ந்துகொடுத்த நிதிகள் அந்த ஒரே ஆண்டில் சுருங்கிப்போயின. வட்டியில் ஒரு பகுதியை முதலோடு சேர்க்க வேண்டும். வெளிநாட்டுச் சங்கம் தன் பங்கை ஒரேயடியாக அனுப்பாமல் ஆண்டாண்டாக அனுப்ப வேண்டும். கணக்குப் பார்க்கத் தெரிந்த இளைஞர்கள் ஊரிலும் வெளியிலும் தாராளமாக இருக்கிறார்கள். பொருளாளர் பதவியை அவர்களிடம் கொடுங்கள்.

இனி, யாருக்குக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்ற விஷயம். இதைத்தான் மனம் வலிக்க எழுத வேண்டியிருக்கிறது. பிள்ளையை மேடைக்கு அழைத்து, புத்தகப்பையையோ சைக்கிளையோ கையில் கொடுத்து, பொன்னாடை போர்த்திய பிரமுகர்கள் சுற்றி நிற்கப் படமெடுத்து முகநூலில் போடும் வழக்கம் நிற்க வேண்டும். அந்தப் படத்தை வகுப்பு முழுவதும் பார்க்கிறது. பத்து வருடம் கழித்து அந்தப் பிள்ளையின் கலியாணப் பேச்சில் சம்பந்தி வீடும் பார்க்கும். உதவி பெற்றவர் யார் என்பது தெரிவுக்குழுவுக்கும் வங்கிக்கும் மட்டும் தெரிந்தால் போதும். காசு தாயின் கணக்குக்கு மாதாமாதம் போகட்டும். கொடுத்தவருக்கு எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு, எவ்வளவு செலவு என்ற கணக்கு போகட்டும்.

தெரிவுக்குழுவில் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், வீடு வீடாகப் போய் நிலைமை அறிந்த குடும்பநல மாது, இப்போது படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் தாய்மார் இருவர் இருக்கட்டும். சங்கத் தலைவரின் உறவினர் விண்ணப்பித்தால் தலைவர் எழுந்து வெளியே போகவேண்டும். எந்தப் பகுதிப் பிள்ளை, எந்தக் கோயிலடிப் பிள்ளை, வேதமா சைவமா என்ற கேள்வி அந்த அறைக்குள் வரவே கூடாது. சாதி பார்த்துப் பிரியும் நிதி ஊர் நிதி ஆகாது. தகப்பனை இழந்த, தாய் தனியே உழைக்கும் வீடுகள் முதலில் வரவேண்டும். புள்ளிகள் அதற்குப் பிறகு.

லண்டன், ரொறொன்ரோ, பாரிஸ், சூரிச் சங்கங்களுக்கும் இதே மடல் போகிறது. ஊரிலிருந்து வரவேண்டியது ஒரு திட்டவரைவு: முதலில் பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளின் கணித வகுப்புக்கும், பட்டணத்தில் தங்கிப் படிக்கும் உயர்தரப் பிள்ளைகளுக்கும் ஓர் ஆண்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று அதிபர்களோடு இருந்து கணக்கிட்டு எழுதுங்கள். அடுத்த ஆண்டு விழாவுக்கு மண்டபம் பதியுமுன், அந்தக் கணக்கைச் சங்கங்களுக்கு அனுப்பிவையுங்கள்.